மீன் இல்லாத சூப்பு

என் மகன் பசியோடு செத்தானா என்பது எனக்குத் தெரியவேண்டும். அவன் போன நாளிலிருந்து எனக்கு வேறு கேள்வி இல்லை. டாக்டர் கொடுத்த தாளில் இருதயம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்ததாக மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

சிதம்பரத்தில் மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. என் அப்பா இளவயதில் வடலூர் தைப்பூசத்துக்குப் போய்விட்டு வந்து, வீட்டிலிருந்த மீன்சட்டியைக் கொல்லையில் போட்டு உடைத்தாராம். அன்றோடு சரி. முட்டையின் ருசிகூட எனக்குத் தெரியாது. தினமும் காலையில் கோயிலுக்குப் போய் நடராசரைப் பார்த்துவிட்டுத்தான் கடைப் பூட்டைத் திறப்பேன்.

மகனுக்கு ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முதல்நாள் அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். சன்னதிக்கு எதிரில் நிற்கவைத்து, அவன் வலதுகையை என் கைக்குள் வாங்கிக்கொண்டேன்.

"கவுச்சி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"அங்க போய்ப் பாத்தாதாம்ப்பா தெரியும்."

"தெரியவேணாம். பண்ணு."

பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. பண்ணினான். நானே விபூதி எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டேன்.

வாரம் ஒருமுறை போனில் முகம் பார்த்துப் பேசுவான். "சாப்டியா?" என்பேன். "சாப்டேம்ப்பா." "என்ன சாப்ட?" "சாதந்தாம்ப்பா." இரண்டு வருஷத்துக்கு மேல் இதே பேச்சு. கடைசி மாதங்களில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குளிர் தேசத்தில் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். இன்னும் சொல்லப்போனால், அந்த ஊருக்குப் போயும் சைவமாக இருக்கிறான் என்று கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் அந்தச் செய்தி வந்தது. லீவு நாளில் அறையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. உடம்பு வரவில்லை. வெள்ளைத்துணி சுற்றிய ஒரு பெட்டிதான் வந்தது. சாம்பலைத் தேவனாம்பட்டினம் கடலில் கரைத்தோம். அவனோடு அறையில் தங்கியிருந்த சேலத்துப் பையன் போனில் பேசும்போது, "சரியாவே சாப்பிடமாட்டான் அங்கிள்" என்றான். அவன் சும்மா சொன்னதுதான். எனக்கு அது காதுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதன்பிறகு நான் சாப்பிட உட்கார்ந்தால், வலதுபக்கம் பின்னால் யாரோ நின்று என் தட்டைப் பார்ப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் ஃபிரிட்ஜ் இருக்கும். இடம் மாறி உட்கார்ந்தேன். அங்கேயும் வலதுபக்கம்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் மனைவி எனக்கு ரசம் ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள், என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டுக் கரண்டியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து சாதத்தைப் பிசைந்தேன்.

மாசி மாதம் கடலூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். கல்யாணமாகித் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜப்பான் ஓட்டல் வந்திருக்கிறதாம். அண்ணாகிராமம் பக்கத்துக்காரர் ஒருவர், ஜப்பானில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து, மெடிக்கல் ஷாப்புக்கு மாடியில் போட்டிருக்கிறாராம்.

"தம்பி என்ன சாப்ட்டான்னு போயிப் பாப்பம்ப்பா. சைவமும் இருக்குதாம். கேட்டுட்டேன்" என்றாள்.

மனைவி வர மறுத்துவிட்டாள். நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன்.

பெரிய ஓட்டல் இல்லை. ஏழெட்டு மேசை இருக்கும். வாசலில் கிழித்துவிட்டதுபோல ஒரு அரைத்திரை தொங்கியது. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். நுழைந்ததும் அடுப்படியிலிருந்து ஓட்டல்காரரும் கல்லாவில் இருந்த அவர் மனைவியும் ஒரே குரலில் ஜப்பான் பாஷையில் எதையோ உரக்கச் சொன்னார்கள். நான் திடுக்கிட்டு நின்றேன். "வாங்கன்னு சொல்றாங்கப்பா" என்று மகள் கையைப் பிடித்தாள்.

உட்கார்ந்ததும் ஆவி பறக்கச் சுருட்டிய ஈரத்துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். வெயிலில் வந்தவன், முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது கையிக்குப்பா. பாருங்க, சாமியெல்லாம் துண்டுல வந்துடுச்சி."

நெற்றி விபூதி முழுக்க அந்த வெள்ளைத் துண்டில் அப்பியிருந்தது. மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து மறுபடி பூசிக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒரு கிண்ணம் சாதம் வந்தது. பொலபொலவென்று இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிய சாதம். கூடவே மரக்குச்சி இரண்டு. கொஞ்சநேரம் முயன்று பார்த்தேன். நழுவியது. எங்கே வைப்பதென்று தெரியாமல் குச்சி இரண்டையும் சாதத்தின் நடுவில் செருகி நிறுத்திவிட்டுத் தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

ஓட்டல்காரர் அடுப்படியிலிருந்து வேகமாக வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குச்சியைப் பிடுங்கித் தட்டில் படுக்கவைத்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க ஐயா. அந்த ஊர்ல சோத்துல இப்புடிக் குச்சி நட்டா, அது செத்தவங்களுக்கு வைக்கிறது."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பரவால்ல தம்பி. செத்தவனுக்காகத்தான் வந்திருக்கோம்."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை என்று மகள்தான் சொன்னாள். அதிலிருந்து அவர் என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் என் கேள்வியைக் கேட்டேன். கவுச்சி தொடாத பையன் ஒருவன் அந்த ஊரில் என்ன சாப்பிட்டிருப்பான்?

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அது என்ன மாமா, எவ்வளவோ இருக்கு. சோயாபீன்ஸ்ல பன்னீர் மாதிரி செய்வாங்க. பூசணிக்கா, கத்திரிக்கா, கடல்பாசி. சூப்பு ஒண்ணு போதும், அத ஊத்தியே ஒரு குண்டான் சோறு திங்கலாம். நல்லாச் சாப்ட்டிருப்பாரு. கவலப்படாதீங்க."

சூப்பும் கொடுத்தார். காளான் போட்ட சூப்பு. வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது. "குச்சிய விடுங்க மாமா, ஆண்டவன் குடுத்த அஞ்சு குச்சி இருக்குதில்ல" என்றார். கையால் பிசைந்து சாப்பிட்டேன். அந்த வாரம் முழுக்க என் வலதுபக்கம் யாரும் நிற்கவில்லை. மனைவியிடம், "புள்ள நல்லாச் சாப்ட்டிருக்கான்" என்று சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

சித்திரையில் தாமிரக் கம்பி வாங்கக் கடலூர் போனபோது, தனியாகவே அந்த மாடி ஏறினேன். நாக்குக்காக இல்லை. அவன் சாப்பிட்டதைச் சாப்பிடும்போது அவன் பக்கத்தில் இருப்பதுபோல ஒரு நினைப்பு, அதற்காகத்தான். அதே சூப்பு, அதே சாதம். பாதி சாப்பிட்டிருப்பேன். எனக்குப் பின் மேசையில் காலேஜ் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

"அக்கா, இந்த சூப்பு வெஜ்ஜா?" என்று ஒருத்தி கல்லாவைப் பார்த்துக் கேட்டாள்.

"வெஜ்ஜுன்னா முன்னாடியே சொல்லிடும்மா, தனியா வைக்கணும்" என்றார் ஓட்டல்காரர் மனைவி. "சூப்பே மீன்லதான் எடுக்கறது. காயவச்ச மீனு. அந்த ஊர்ல மீன் இல்லாத சூப்பே கெடையாது. காய வேகவைக்கிறதும் அந்தத் தண்ணியிலதான்."

என் கை நின்றுவிட்டது. மீன் என்றதற்காக இல்லை. எனக்குத் தனியாக வைத்தார்கள், அது தெரியும். அந்த ஊரில் அவனுக்கு யார் தனியாக வைத்திருப்பார்கள்?

அடுப்படி வாசலில் போய் நின்றேன். கை கழுவவில்லை.

"தம்பி, அன்னிக்கி ஏன் அப்புடிச் சொன்ன?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அடுப்பைச் சின்னதாக்கினார்.

"ஒங்க நெத்தியப் பாத்தேன் மாமா. மனசு வரல."

"உள்ளதச் சொல்லு."

"சொன்னா தாங்குவீங்களா? சத்தியம் வாங்கி அனுப்பிச்சிருக்கீங்க. புள்ள மீன் தின்னாருன்னு..."

"அவன் மீன் தின்னான்னு சொன்னா தாங்கிப்பேன். திங்கலன்னு மட்டும் சொல்லிடாத."

இதைச் சொன்னவன் நான்தான். அறுபது வயதை நெருங்குகிறேன். அதுவரை என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. உள்ளுக்குள் வைத்து வேண்டிக்கொண்டதும் அதைத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சாமிமுன்னால் செய்த சத்தியத்தை என் மகன் உடைத்திருக்கவேண்டும் என்று நான் அந்தச் சாமியிடமே வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓட்டல்காரர் கரண்டியைக் கழுவிக்கொண்டே பேசினார். "கேக்காம சாப்ட்டிருந்தா எல்லாம் உள்ள போயிருக்கும் மாமா. ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டு சாப்புடுற ஆளா இருந்தா, கஷ்டம். வெறுஞ்சோறுதான். சோறும் ஊறுகாயும். நானே பாத்திருக்கேன், நம்ம ஆளுங்க அப்படிக் கெடந்து வாடினத. ஒங்க புள்ள எப்புடி?"

என் புள்ள எப்படி என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் பிறந்தநாள் கேக்கைக்கூட முட்டை போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவான். அப்படி வளர்த்தவன் நான்.

பஸ்ஸில் வந்து இறங்கி அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் வலதுபக்கம் ஆள் இருந்தது. இந்தமுறை தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தது.

மனைவியிடம் முழுதும் சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, பீரோவைத் திறந்து புடவைக்கு அடியிலிருந்து அவனுடைய போனை எடுத்தாள். அவன் சாமான்களோடு வந்தது. வாராவாரம் அதற்குச் சார்ஜ் போடுவாள், ஆனால் திறந்து பார்க்கமாட்டாள்.

"இதுல சோத்தத்தான் நெறையாப் படம் புடிச்சி வச்சிருக்கான்னு பொண்ணு சொன்னா. நமக்கு என்ன தெரியுது. அந்த ஆளுகிட்ட காட்டுவம்."

ஆனியில் இரண்டு பேருமாகப் போனோம். மதியக் கூட்டம் முடிந்து மேசையெல்லாம் காலியாக இருந்தது. மகள் வந்து போனைத் திறந்து கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஓட்டல்காரர் எங்கள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினார். தொழிற்சாலை வாசல், பனி விழுந்த சைக்கிள், யாரோ நாலு பேர். நடுவில் சாப்பாட்டுப் படங்கள்.

"உள்ளத உள்ளபடி சொல்றேன் மாமா."

"சொல்லு."

"இது பூசணிக்கா பஜ்ஜி. அதுக்குப் பக்கத்துல எறா." தள்ளினார். "இது முட்ட." தள்ளினார். "இது கோழி." அடுத்ததில் பெரிய கோப்பை, நிறைய நூடுல்ஸ், வெள்ளையாகச் சூப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது ராமென்னு சொல்றது. மேல வட்டமா இருக்குதே, பன்னி அது."

மனைவி சுவரைப் பார்த்தாள். பிறகு, "அப்பறம்?" என்றாள்.

அடுத்தது வெறும் கோப்பை. அடியில் ஏதோ எழுத்து. "இது காலி ஏனம்ங்க, தள்ளுங்க" என்றாள் மனைவி. அவர் தள்ளவில்லை. விரலால் பெரிசாக்கினார்.

"நன்றின்னு எழுதியிருக்குதுங்க அத்த. சில கடையில கோப்ப அடியில எழுதி வச்சிருப்பாங்க. சூப்ப ஒரு சொட்டு விடாம குடிச்சாத்தான் தெரியும். பன்னி எலும்ப ஒரு நாள் பூரா கொதிக்கவிட்டு எடுக்கற சூப்பு. ஒங்க புள்ள முழுசாக் குடிச்சிருக்காரு."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் லேசானது. சாப்பிட்டிருக்கிறான். பன்றியோ மீனோ, வயிறாரச் சாப்பிட்டிருக்கிறான். தலைக்குமேல் கை குவித்துவிட்டேன்.

அவர் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம் வேகம் குறைந்தது. வெள்ளைச் சாதம், அதன்மேல் சிவப்பாக ஒரு ஊறுகாய்ப் பழம். அடுத்ததும் அதுதான். அதற்கடுத்ததும்.

"இதெல்லாம் எப்ப எடுத்தது?" என்று மனைவி கேட்டாள்.

அவர் தேதியைப் பார்த்துச் சொன்னார். கவுச்சிப் படங்கள் எல்லாம் இரண்டாம் வருஷ மார்கழியோடு நின்றுபோயிருந்தன. அதற்குப்பின் சாவுவரைக்கும் வெறுஞ்சோறு.

"படம் எடுக்கலன்னா சாப்டலன்னு அர்த்தமா மாமா? விடுங்க" என்றார் அவர்.

இருக்கலாம். ஆனால் அந்த மார்கழி எனக்கு நினைவிருக்கிறது. திருவாதிரை தரிசனத்தன்று கோயில் வாசலில் நின்றுகொண்டு அவனைப் போனில் கூப்பிட்டேன். கூட்டத்தைக் காட்டினேன். கோபுரத்தைக் காட்டினேன். காட்டிவிட்டு, "சாமி பாத்துக்கிட்டு இருக்குது, சொல்லு. சத்தியத்தக் காப்பாத்துறியா?" என்று கேட்டேன். பக்கத்தில் தெரிந்தவர்கள் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் காதில் விழவேண்டும் என்றுதான் உரக்கக் கேட்டேன். அவன் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரிப்பா" என்றான். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் மனைவி. ஆலப்பாக்கம் தாண்டியதும், என் பக்கம் திரும்பாமலே, "அன்னிக்கி கோயில்லேர்ந்து நீங்கதான கேட்டீங்க" என்றாள்.

"ஆமாம்."

வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதுச்சத்திரம் வந்தது. பிறகு கேட்டாள்: "தெவசத்துக்கு என்ன படைக்கப் போறீங்க?"

எங்கள் பக்கத்தில் தலைத்திவசத்துக்குச் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது வழக்கம். வீட்டில் சாம்பார், உருளைக்கிழங்கு, பாயசம் என்று முடிவாகியிருந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அவன் குடிச்சதத்தான்" என்றேன்.

திவசத்துக்கு முதல்நாள் காலையில் கோயிலுக்குப் போனேன். அவனை நிறுத்திய அதே இடத்தில் நின்றேன். அன்று கூட்டம் இல்லை. அந்தச் சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். அது வாங்கினவனுக்குப் பாரமே தவிர பண்ணினவனுக்கு இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது வாய் குழறியது. தீட்சிதர் தட்டை நீட்டினார், விபூதி எடுத்துக்கொண்டேன். சாமி ஏற்றுக்கொண்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? தட்டில் இருந்த நெருப்பு எப்போதும்போலத்தான் ஆடியது.

அங்கிருந்து நேரே கடலூர். ஓட்டல்காரர் இரண்டுமுறை கேட்டார்.

"காளான்ல செஞ்சி தரேன் மாமா. பாக்க அதே மாதிரி இருக்கும்."

"அவனுக்குத் தெரியாதா தம்பி?"

அவர் சூப்பை ஒரு தூக்குவாளியில் ஊற்றினார். நூடுல்ஸைத் தனியாகக் கட்டினார். கறியை இலையில் மடித்துக் கொடுத்தார். "ஃபிரிட்ஜில வச்சிடுங்க. நாளைக்கி நல்லாக் கொதிக்கவச்சி ஊத்துங்க. ஆறக்கூடாது" என்றார். பஸ்ஸில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடியோரம் வாசனை கசிந்தது, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். இறக்கி வைக்கவில்லை.

மனைவி கொல்லையில் கல் கூட்டிக் கொதிக்கவைப்பாள் என்று நினைத்திருந்தேன். ஒரு பழைய ஏனம் எடுத்து, பிறகு அதைத் தூக்கிப்போட்டுவிடுவாள் என்றும் நினைத்தேன். மறுநாள் அவள் குளித்துவிட்டு வந்து, தினமும் ரசம் வைக்கும் ஏனத்தை எடுத்து, தினமும் சமைக்கும் அடுப்பில்தான் வைத்தாள். சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாடத்துக்குத் திரைபோடவா என்று மகள் கேட்டாள்.

"எதுக்கு? அவருக்கு மட்டும் தெரியாததா?" என்றாள் மனைவி.

படத்துக்கு முன்னால் இலை போட்டுக் கோப்பையை வைத்தோம். ஆவி படத்துக் கண்ணாடியில் படிந்து அவன் முகத்தை மறைத்தது. கற்பூரம் காட்டினேன். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். உள்ளே சத்தமில்லை. இருந்தும் மூன்று பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

படைத்ததை வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடவேண்டும். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நான் கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். முதல் வாய் தொண்டையில் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுங்கினேன். இரண்டாவது வாய் சூடாக நெஞ்சுவரை இறங்கியது. மூன்றாவதில், என்னை மீறி, நாக்குக்கு அது பிடித்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பனியில் வேலை முடித்து வந்த பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துபோயிற்று.

மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்புடி இருக்குது?"

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

"இங்க குடுங்க" என்று கையை நீட்டினாள்.